குளிரே இல்லாத ஊரின் குளிர்காலத் தோல்

சென்னையின் குளிர்காலத்தைப் பற்றி வடக்கத்திக்காரர்களிடம் வாய் திறக்கக் கூடாது. மீனம்பாக்கத்தில் ஜனவரி மாத விடியற்காலை சராசரியாக 20, 21 டிகிரி. அவர்கள் அதற்கு ஃபேன் போடுவார்கள். நகரத்தின் பதிவேட்டில் ஆகக் குறைந்த வெப்பநிலையே 13.9 டிகிரிதான், 1895 டிசம்பரில் ஒருமுறை, 1905 ஜனவரியில் ஒருமுறை. ஆனாலும் மார்கழி பிறந்தால் எங்கள் கீழ்க்கட்டளை பஸ் நிலையத்து டீக்கடையில் மங்கி கேப்பும் மப்ளருமாகப் பெரியவர்கள் கூடிவிடுவார்கள். "என்னா பனி சார் இந்த வருஷம்" என்று ஒருவர் தொடங்குவார். போன வருஷமும் அவர்தான் தொடங்கினார்.

குளிர் உண்டு என்பதற்கு எங்கள் வீட்டில் ஒரு சாட்சி இருந்தது: தேங்காயெண்ணெய். சுமார் 24 டிகிரிக்குக் கீழே இறங்கினால் அது உறைய ஆரம்பிக்கும். எழுபதுகளில் ஏரிக்கரைப் பக்கம் இருந்த எங்கள் ஓட்டுவீட்டில், மார்கழிக் காலைகளில் அது வெள்ளைக் கட்டியாகத்தான் பாட்டிலுக்குள் உட்கார்ந்திருக்கும். பாட்டிலுக்குக் குறுகிய வாய். பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்ட பையன் என்ன செய்வான்? துடைப்பத்திலிருந்து ஒரு ஈர்க்குச்சியை உருவி உள்ளே விட்டுக் குடைவான். "குச்சியை விடாதேடா, எண்ணெய் கெட்டுப் போயிடும்" என்று அத்தை கத்துவாள். கிணற்றுக் கைப்பிடிச் சுவரில் வெயில் விழும் இடமாகப் பார்த்துப் பாட்டிலை வைக்க வேண்டும் என்பது அத்தையின் சட்டம். வெயில் வருவதற்குள் மணி எட்டரை ஆகிவிடும். நல்லெண்ணெய் மட்டும் எந்தக் குளிருக்கும் அசையாது. அதனாலேயே அந்த மாதத்தில் வீட்டை ஆண்டது நல்லெண்ணெய்.

தோலைப் பற்றி அப்போது யாரும் பேசிக் கேட்டதில்லை. தோல் வெள்ளை பூத்தால் அது ஒரு தடயம், அவ்வளவுதான். கீழ்க்கட்டளை ஏரியில் நாங்கள் நீந்தக் கூடாது என்று உத்தரவு. நாங்கள் தலையைத் துவட்டி, சட்டையைக் காயவைத்து, முகத்தில் ஒன்றும் தெரியாமல் வீட்டுக்கு வருவோம். அத்தை கேள்வியே கேட்க மாட்டாள். கையைப் பிடித்து முழங்கைக்குக் கீழே நகத்தால் ஒரு கோடு இழுப்பாள். கோடு வெள்ளையாக நின்றால் ஏரி. அடுத்தது முதுகில் அடி. நீரில் ஊறிய தோல் தன் எண்ணெய்ப் பசையைக் கொஞ்சம் விட்டுவிடும், பிறகு வெயிலும் காற்றும் மிச்ச ஈரத்தையும் உறிஞ்சிவிடும் என்கிற அறிவியல் அவளுக்குத் தெரியாது. கோடு தெரியும். மார்கழியில் இந்தச் சோதனைக்கு மதிப்பில்லாமல் போய்விடும். ஏரிக்குப் போகாதவனுக்கும் கோடு விழும். அந்த ஒரு மாதம் நாங்கள் பயமில்லாமல் நீந்தினோம். வகுப்பில் பின்பெஞ்சுக்காரர்கள் ஒருவர் முழங்காலில் ஒருவர் நகத்தால் தங்கள் பெயரை எழுதிக்கொள்வார்கள். வாத்தியார் வந்தால் எச்சில் தொட்டு அழித்துவிடலாம்.

தோல் என்றால் எங்கள் பக்கத்தில் பதனிட்ட தோல்தான். பக்கத்துக் குரோம்பேட்டைக்கு அந்தப் பெயர் வந்ததே குரோம் லெதர் கம்பெனியால். பல்லாவரத்திலும் நாகல்கேணியிலும் தோல் பதனிடும் தொழிற்சாலைகள். காற்று திரும்பினால் எந்தத் திசையிலிருந்து அடிக்கிறது என்று மூக்கு சொல்லிவிடும். என் அப்பா அவற்றில் ஒன்றில் கணக்கு எழுதினார். எதிர்வீட்டுப் பெரியவர் வேறொன்றில் தோலைத் தொட்டு வேலை செய்தார். அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்: பச்சைத்தோலைச் சுண்ணாம்பில் ஊறவைத்து மயிரை எடுப்பார்கள். பதனிட அந்தக் காலத்தில் ஆவாரம்பட்டை, பிற்பாடு குரோம் உப்பு. குரோமில் ஊறிய தோல் நீலமாக வெளியே வரும். அதோடு வேலை முடிந்துவிடாது. அந்தத் தோலுக்கு எண்ணெய் கொடுக்க வேண்டும். கொடுக்காமல் காயவைத்தால் அட்டையாக விறைத்து, மடித்த இடத்தில் வெடிக்கும்.

"செத்த தோலுக்கே எண்ணெய் கேக்குது தம்பி. உசுரோட இருக்கிறதுக்குக் கேக்காதா?" என்பார். சொல்லிக்கொண்டே வேப்பெண்ணெயைக் காலில் தேய்ப்பார். அந்த வாடைக்குப் பயந்து கொசுவும் வராது, நாங்களும் போக மாட்டோம்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஆவாரை. பட்டை தோல் தொட்டிக்குப் போனது. பூ எங்கள் குளியல் பொடிக்கு வந்தது. ஏரிக்கரையில் மஞ்சளாகப் பூத்துக் கிடக்கும் செடிதான். அத்தை அதைப் பறித்து நிழலில் உலர்த்தி, பயத்தம்பருப்பு, பூலாங்கிழங்கு, கஸ்தூரி மஞ்சள், ரோஜா இதழ் எல்லாம் சேர்த்து மில்லில் அரைத்து வருவாள். ஒரே செடி, மாட்டுத் தோலுக்கு ஒரு பங்கு, எங்கள் தோலுக்கு ஒரு பங்கு. இன்று அந்த ஏரிக்கரையை ஒட்டி 200 அடி ரோடு போகிறது. ஆவாரம்பூ சோப்பு ரோட்டோரத்து சூப்பர் மார்க்கெட்டில் கிடைக்கிறது.

இன்னொரு பக்கம் பாண்ட்ஸ். பல்லாவரத்தில், ஜி.எஸ்.டி. ரோட்டில், இன்றும் கண்டக்டர் "பாண்ட்ஸ் எறங்கு" என்றுதான் விசில் ஊதுகிறார். கோல்டு கிரீமுக்குப் பேர்போன கம்பெனி எங்கள் ஊரிலிருந்து ஒரு சைக்கிள் மிதி தூரத்தில் இருந்தது. அமெரிக்காவில் வாஸலீனைக் கண்டுபிடித்த செஸ்பரோவின் கம்பெனியும் பாண்ட்ஸும் 1955இல் ஒன்றாகிவிட்டிருந்தன. அந்த ராபர்ட் செஸ்பரோ, பென்சில்வேனியா எண்ணெய்க் கிணறுகளில் இயந்திரத் தண்டுகளில் அப்பிக்கொண்டு தொல்லை தந்த மெழுகைச் சுத்திகரித்து, 1872இல் காப்புரிமை வாங்கியவர். தினமும் ஒரு கரண்டி வாஸலீன் சாப்பிட்டார் என்றும் ஒரு கதை உண்டு. 96 வயதுவரை இருந்தார். எங்கள் அத்தை 81. அவள் வாஸலீன் சாப்பிடவில்லை.

இவ்வளவு பக்கத்தில் இருந்தும் கோல்டு கிரீம் எங்கள் வீட்டுக்குள் வந்ததாக நினைவில்லை. கல்யாணத்துக்குப் போகும்போது பவுடர் உண்டு. அதுவும் பெரியவர்கள் கழுத்தில் திட்டுத்திட்டாகத் தெரியவேண்டும், இல்லாவிட்டால் போட்டதாகக் கணக்கில்லை. மார்கழியில் உதடு வெடித்தால் வெண்ணெய். வெண்ணெய் இல்லாத வீட்டில், தொப்புளில் ஒரு சொட்டு எண்ணெய். தொப்புளுக்கும் உதட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டதற்கு அத்தை, "உன் அம்மா வயித்துல இருக்கச்சே எது வழியா சாப்பிட்டே?" என்று திருப்பிக் கேட்டாள். மருத்துவப் புத்தகத்தில் இந்தச் சம்பந்தம் இல்லை. ஆனால் போன மாதம் என் பேத்தி செல்போனில் ஒரு வீடியோ காட்டினாள். யாரோ ஒரு பெண், வெள்ளைச் சுவர் பின்னணியில், ஆங்கிலத்தில், தொப்புளில் எண்ணெய் விடுவது எப்படி என்று விளக்கிக்கொண்டிருந்தாள். எண்ணெய்க்குச் சொட்டுக்குழாய் வைத்த கண்ணாடிக் குப்பி. "தாத்தா, இது ட்ரெண்டிங்" என்றாள். அத்தைக்குக் குப்பிதான் கிடைக்கவில்லை.

எண்ணெய்க் குளியலைப் பற்றி எழுதினால் எல்லோரும் கண்ணீர் விட ஆரம்பித்துவிடுகிறார்கள். நான் அதை அனுபவித்தவன், அதனால் அவ்வளவு கண்ணீர் வராது. சனிக்கிழமை ஆண்களுக்கு, செவ்வாயும் வெள்ளியும் பெண்களுக்கு. நல்லெண்ணெயில் நாலு மிளகும் சீரகமும் போட்டு, அவை படபடக்கும்வரை காய்ச்சி, ஆறவைத்து, முற்றத்தில் கோவணத்தோடு நிற்கவைத்துத் தேய்ப்பார்கள். அத்தையின் கை தட்டுவதா அடிப்பதா என்று இன்றுவரை சொல்ல முடியாது. ஊறவேண்டும் என்று அரை மணி நேரம் நிறுத்திவைப்பார்கள். தெருவில் விளையாடப் போகும் பையன்கள் நின்று பார்ப்பார்கள். பிறகு வடித்த கஞ்சியில் குழைத்த சீயக்காய். கண் சிவந்து, எரிந்து, அன்று மாலைவரை உலகமே மங்கலாகத் தெரியும். சாம்பிராணிப் புகை, மிளகு ரசம், பகலில் தூங்கத் தடை. துண்டில் எண்ணெய்ச் சிக்கு வாடை எத்தனை துவைத்தாலும் போகாது. தோல் ஈரப்பதம் என்ற பேச்சே இல்லை. "சூடு தணியும்" என்றுதான் சொல்வார்கள். தோல் வறளாமல் இருந்தது அதில் தற்செயலாகக் கிடைத்தது. சீயக்காய் எண்ணெயை முழுசாக எடுத்துவிடாது. மேலே மெல்லிய படலம் தங்கிவிடும், உள்ளே இருக்கும் நீர் காற்றில் போகாமல் அது பிடித்துவைக்கும். அத்தைக்குத் திறமை போதாமல் பாதி எண்ணெய் உடம்பிலேயே நின்றுவிட்டது என்றும் சொல்லலாம். அந்தக் குறைதான் மருந்தாக இருந்தது.

மற்ற நாட்களில் கிணற்றடி. மார்கழி விடியலில் கோவில் ஒலிபெருக்கி திருப்பாவையை ஆரம்பித்ததும் எழுப்பிவிடுவார்கள். வாளியை இறைத்தால் தண்ணீரிலிருந்து ஆவி எழும்பும். நிலத்தடி நீரின் வெப்பம் வருஷம் முழுக்க அதிகம் மாறுவதில்லை. வெளியே 20 டிகிரி என்றால் கிணற்றுநீர் அதைவிடச் சூடு. வெதுவெதுப்பான நீரில் சீக்கிரம் குளித்துவிட்டு வா என்று தோல் மருத்துவர்கள் சொல்வதைத்தான் நாங்கள் வேறு வழியில்லாமல் செய்துகொண்டிருந்தோம். சோப்பு ஒன்று இருந்தது, நூலால் இரண்டாக அறுத்து வைத்தது, ஏழு பேருக்கு. அதை உடம்பெல்லாம் நுரைக்கத் தேய்த்தவனுக்கு அப்பாவிடமிருந்து பொருளாதாரப் பாடம் கிடைக்கும். சிக்கனமும் ஒரு சருமப் பராமரிப்பு என்பது எங்களுக்கு அப்போது தெரியாது.

அதற்காக அந்தக் காலத்தில் எல்லோருடைய தோலும் பளபளத்தது என்று யாராவது சொன்னால் நான் அத்தையின் குதிகாலைத்தான் சாட்சிக்கு அழைப்பேன். விடியற்காலைப் பனியில் வெறுங்காலோடு சாணம் தெளித்துக் கோலம் போட்டு, கிணற்றிலிருந்து குடம் குடமாகச் சுமந்த கால். பித்தவெடிப்பில் பத்துப் பைசாவைச் செருகிவைக்கலாம். துவைக்கிற கல்லில் தேய்ப்பாள். மருதாணி அரைத்து அப்புவாள். மெழுகுவத்தியைத் தேங்காயெண்ணெயில் உருக்கி வெடிப்புக்குள் ஊற்றுவாள். அப்போது அவள் பல்லைக் கடிக்கும் சத்தம் கூடத்துக்குக் கேட்கும். எதுவும் ஒரு வாரத்துக்கு மேல் தாங்காது. அவளுக்குச் சர்க்கரை இருந்தது பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. சர்க்கரை நோய் கால் நரம்புகளைக் கெடுத்தால் அங்கே வியர்வை குறையும், தோல் காயும், வெடிக்கும், வெடித்தது வலிக்காமலும் போகும், அதன் வழியே கிருமி நுழையும். அந்த வெடிப்புக்கு மெழுகுவத்தி வேலைக்காகாது, டாக்டரிடம் போகவேண்டும். இயற்கை வைத்தியம் சொல்லும் வீடியோக்களில் இந்தக் குதிகாலை யாரும் காட்டுவதில்லை.

இனி இன்றைய கதை. ஓட்டுவீடு போய் அதே மனையில் நாலு மாடி. கிணறு மூடப்பட்டது, அதன்மேல் யாருடைய காரோ நிற்கிறது. போர் தண்ணீர் உப்பு; கோடையில் லாரித் தண்ணீர். உப்பு என்று நாங்கள் சொல்வதில் பாதி சுண்ணாம்பும் மெக்னீசியமும். அந்தத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, நுரைக்காததால் இன்னும் தேய்ப்போம், தேய்த்தது தோலில் பிசுக்காகப் படியும், பிசுக்கு போக இன்னும் ஊற்றுவோம். குளியலறையில் கீசர். என் மகன் அதைக் கையை வைக்க முடியாத சூட்டுக்குத் திருப்பி, கதவைச் சாத்தி, இருபது நிமிஷம் உள்ளே இருப்பான். வெளியே வரும்போது ஆவியும் அவனும் சேர்ந்து வருவார்கள். இவன்தான் மாலையில் காலைச் சொறிந்துகொண்டு, "இந்த வருஷம் வெதர் ரொம்ப ட்ரை" என்கிறான்.

வெதரையும் முழுசாகக் குறைசொல்ல முடியாது. வடகிழக்குப் பருவமழை ஓயும்வரை சென்னைக் காற்றில் ஈரத்துக்குக் குறைவில்லை. அப்புறம் காற்று வறளத் தொடங்கும். மதியத்தில் அது நன்றாகத் தெரியும். என் மகனைப் போன்றவர்கள் அந்த மதியத்தைப் பார்ப்பதே இல்லை. காலையில் ஏ.சி. கார், பகலில் ஏ.சி. அலுவலகம், இரவில் ஏ.சி. படுக்கையறை. ஏ.சி. எந்திரம் அறைக்காற்றின் ஈரத்தைத் தண்ணீராக்கி வெளியே சொட்டவிடுகிறது. எங்கள் பால்கனிக் குழாயில் விடிய விடிய அது சொட்டுவது கேட்கும். மார்கழியில் எதற்கு ஏ.சி. என்று கேட்டால் மெட்ரோ வேலையின் தூசி என்கிறார்கள். மாதவரத்திலிருந்து சோழிங்கநல்லூர் போகிற தடம் எங்கள் தலைக்குமேல் எழும்பிக்கொண்டிருக்கிறது, ஆகவே அது நியாயம்தான். ஜன்னலைத் திறந்தால் தூசி, மூடினால் வறட்சி.

மருமகளின் அலமாரி வேறு உலகம். செராமைடு கிரீம், ஹைலூரோனிக் சீரம், கிளிசரின் கலந்தது, ஓட்ஸ் கலந்தது. ஒருநாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்த டப்பாக்களைப் படித்தேன். தோலின் மேலடுக்கில் செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள் இயற்கையாகவே இருக்கின்றன. நீர் வெளியேறாமல் அவைதான் காக்கின்றன. தோலின் மேற்பரப்பு லேசான அமிலம், pH அளவில் சுமார் 5. சாதாரண சோப்புக் கட்டி காரம், 9 அல்லது 10. வெந்நீரும் சோப்பும் கூட்டாக அந்தக் கொழுப்பை இளக்கிச் சாக்கடைக்கு அனுப்புகின்றன. ஆக, காலை ஆறு மணிக்கு ஓசியில் கழுவி விட்டதை ராத்திரி பத்து மணிக்கு 50 கிராம் டப்பாவாக விலைக்கு வாங்கிப் பூசுகிறார்கள். எனக்கு இதில் கோபமில்லை. கீசர் செலவும் கிரீம் செலவும் ஒரே சம்பளத்திலிருந்து போவதுதான் கொஞ்சம் உறுத்துகிறது.

மகனின் சொறி அடங்காமல் மடிப்பாக்கத்தில் ஒரு தோல் மருத்துவரிடம் போனோம். இளைஞர், பொறுமையாகப் பேசினார். சூடான தண்ணீர் வேண்டாம். ஐந்து, பத்து நிமிஷத்தில் வெளியே வாருங்கள். சோப்பு அக்குள், இடுப்பு, பாதம், அவ்வளவு போதும். துண்டால் தேய்க்காமல் ஒற்றுங்கள். ஈரம் காய்வதற்குள், மூன்று நிமிஷத்துக்குள், ஏதாவது பூசிவிடுங்கள். வாஸலீன் போதும், தேங்காயெண்ணெயும் நல்லதுதான் என்றார். 2004இல் பிலிப்பைன்ஸில் வறண்ட தோல்காரர்களுக்குத் தேங்காயெண்ணெயையும் மினரல் ஆயிலையும் கொடுத்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இரண்டும் சமமாகவே வேலை செய்தன. மகன் துபாயிலிருந்து கொண்டுவந்த ஆலிவ் எண்ணெயைப் பற்றிக் கேட்டான். அதை சாலடில் ஊற்றிக்கொள்ளச் சொன்னார் டாக்டர். இங்கிலாந்தில் 2013இல் வெளியான ஓர் ஆய்வில் ஆலிவ் எண்ணெய் தோலின் காப்பைப் பலவீனமாக்கியது, சூரியகாந்தி எண்ணெய் அப்படிச் செய்யவில்லை. இயற்கை என்று ஒரு குப்பியில் எழுதியிருப்பதாலேயே அது நமக்கு உறவாகிவிடாது. எலுமிச்சையும் இயற்கைதான், வெடித்த தோலில் பிழிந்து பாருங்கள். பேத்தி, தினமும் மூன்று லிட்டர் தண்ணீர் குடித்தால் தோல் வறளாதா என்று கேட்டாள். மணிக்கணக்குக் கோடு போட்ட பாட்டில் அவள் கையில். தாகத்துக்குக் குடி, குடித்தது நேராகத் தோலின் மேலடுக்குக்குப் போவதில்லை என்றார். ஃபீஸ் கொடுத்துவிட்டு வெளியே வந்தோம். அத்தை இதையெல்லாம் ஓசியில் சொன்னாள். கூடவே குட்டு வைத்ததால் யாரும் மதிக்கவில்லை.

அதன்பிறகு மகன் மாறிவிட்டான். மாறினால் அவன் பாதியில் நிற்க மாட்டான். 200 அடி ரோட்டில் மரச்செக்கு எண்ணெய்க் கடை ஒன்று இருக்கிறது. வாசலில் வாகை மரத்தில் செய்த செக்கு மோட்டாரில் சுற்றுகிறது. பார்க்க வருகிறவர்கள் செல்ஃபி எடுத்துக்கொள்கிறார்கள். ஒரு காலத்தில் "செக்கெண்ணெய் வாடை அடிக்குது" என்று டின்னைத் தூக்கி எறிந்துவிட்டு ரிஃபைண்டு பாக்கெட்டுக்கு மாறிய தெரு இது. இப்போது அந்த வாடைக்குத் தனி விலை. நல்லெண்ணெயும் தேங்காயெண்ணெயும் வாங்கிவந்தான். மார்கழி முதல் வாரமே தேங்காயெண்ணெய் உறைந்தது. "கலப்படம் இல்ல, பாருங்கப்பா" என்று பெருமையாகக் காட்டினான். ஈர்க்குச்சி தேடினேன். வீட்டில் பிளாஸ்டிக் துடைப்பம்.

சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் ஆரம்பமானது. அவன் மட்டுமில்லை, வீடியோ பார்த்தவர்கள் மாடிக்கு மாடி இருந்தார்கள். கீழ்வீட்டு மாமி வழுக்கி விழப் பார்த்தார். குளியலறைத் தரை முழுக்க பளபளக்கும் டைல்ஸ்; எங்கள் முற்றத்துக் கருங்கல்லில் யாரும் வழுக்கியதில்லை. பொங்கலுக்கு முன்னால் குழாய் அடைத்துக்கொண்டது. பிளம்பர் வந்து, கீழே உள்ள ட்ராப்பைத் திறந்து, எண்ணெயில் பிடித்த சீயக்காய்க் கட்டியைக் கம்பியால் தோண்டி எடுத்து, எல்லோரும் பார்க்கும்படி தரையில் போட்டார்.

"யாரு வீட்டுது?" என்றார் செயலாளர்.

யாரும் வாய் திறக்கவில்லை. எல்லோருடைய முழங்கையும் பளபளத்தது.

அசோசியேஷன் கூட்டம் நடந்தது. பிளம்பர் கூலியை யார் கொடுப்பது என்று ஒரு மணி நேரம். குளியலறையில் எண்ணெய் தேய்த்துக் குளிக்கக் கூடாது என்று ஒருவர் தீர்மானம் கொண்டுவந்தார். மரபை அழிக்கிறார்கள் என்று இன்னொருவர் எழுந்தார். அவர் வீட்டில்தான் ஒவ்வொரு அறைக்கும் ஈரப்பதக் கருவி இருக்கிறது, மின்சாரத்தில் ஓடுவது. கடைசியில் ஒரு சமரசம். மொட்டைமாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், சொரசொரப்பான சிமென்ட் தரை போட்டு, தனிக் குழாய் இழுத்து, சனிக்கிழமை காலை ஆறிலிருந்து எட்டுவரை ஆண்கள், செவ்வாயும் வெள்ளியும் பெண்கள், வாட்ஸ்அப்பில் முன்பதிவு செய்யவேண்டும், ஒருவருக்குப் பதினைந்து நிமிஷம். எண்ணெயை அவரவர் கொண்டுவர வேண்டும். பராமரிப்புத் தொகையில் மாதம் ஐம்பது ரூபாய் கூடுதல்.

தை பிறந்துவிட்டது. வரும் சனிக்கிழமைக்கு எனக்கு ஏழே முக்கால்தான் கிடைத்திருக்கிறது.